ராத்திரி வரும் கெட்ட எண்ணங்கள்: பிலிப்பியர் 4:8-ஐ நிஜமாக எப்படிச் செய்வது?

திருப்பூர் தம்பி

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். உண்மையானது, ஒழுக்கமானது, நீதியானது, புகழ் உள்ளது எதுவோ அவைகளையே சிந்தித்துக்கொண்டிருங்கள் என்று சொல்கிற பிலிப்பியர் 4:8 எனக்கு விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) படித்த காலத்திலிருந்தே மனப்பாடம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஆனால் அதை எப்படிச் செய்வது என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன், ரூமில் நாலு பேர். பகல் எப்படியோ ஓடிவிடும், ராத்திரி லைட்டை அணைத்த பிறகுதான் ஆரம்பிக்கும். மேனேஜர் இன்றைக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை, அப்படியென்றால் வேலை போகப்போகிறது, போனால் தங்கச்சி கல்யாணக் கடனை யார் கட்டுவது, கடைசியில் நான் எதற்கும் லாயக்கில்லாதவன் என்று வந்து நிற்கும். எழுந்து போனில் வசனம் படிப்பேன். படிக்கும்வரை சரி, போனை வைத்ததும் விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓடும். எனக்கு விசுவாசம் இல்லையா? இல்லை, செய்கிற விதம்தான் தப்பா?

ஓய்வுநாள் பள்ளி அக்கா

தம்பி, எண்ணம் வருவது விசுவாசக் குறைவு இல்லை, அதை முதலில் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். பவுல் பிலிப்பியருக்கு அந்த நிருபத்தை, அதாவது கடிதத்தை, எழுதும்போது காவலில் இருக்கிறார். முதல் அதிகாரத்திலேயே திரும்பத் திரும்பத் தன் கட்டுகளைப் பற்றிச் சொல்கிறார், ஜீவனாலாகிலும் சாவினாலாகிலும் என்று எழுதுகிறார், அதாவது வழக்கு எந்தப் பக்கம் முடியும் என்பதே அவருக்குத் தெரியாது. ராத்திரியில் நினைத்துக் கலங்க நம்மைவிட அவருக்கு அதிகம் இருந்திருக்கும். அந்த மனுஷன் எழுதிய வசனம் இது.

எட்டு விஷயம் சொல்கிறார், முதலில் நிற்பது எது பாருங்கள்: "உண்மையுள்ளவைகளெவைகளோ". இனிமையானதை நினை என்று ஆரம்பிக்கவில்லை. அதனால் உங்கள் எண்ணத்தை அங்கே வைத்துத்தான் முதலில் பார்க்க வேண்டும். மேனேஜர் பேசவில்லை, இது உண்மை. வேலை போகப்போகிறது, இது உங்களுக்குத் தெரியுமா? தெரியாது, அது நீங்கள் இட்டுக்கட்டியது. கடன் இருக்கிறது, உண்மைதான், ஆனால் இந்த மாதத் தவணை கட்டியாகிவிட்டதா இல்லையா, அதையும் கேளுங்கள். லாயக்கில்லாதவன் என்பதற்கு எதிரே வேதம் என்ன சொல்கிறது? இதை மனசுக்குள்ளே ஓட்டாமல் நோட்டில் பேனாவால் எழுதுங்கள், ஒரு பக்கம் எண்ணம், எதிர்ப்பக்கம் உண்மை. எழுதும்போதே பாதி எண்ணம் கரைவதைப் பார்ப்பீர்கள். மிச்சம் இருக்கிற நிஜமான கவலைக்குத்தான் அதே அதிகாரத்தின் ஆறாம் வசனம், அதை விண்ணப்பமாகச் சொல்லிவிடுங்கள். "ஸ்தோத்திரத்தோடே கூடிய ஜெபத்தினாலும்" என்று இருக்கிறது, அதனால் அன்றைக்கு நடந்த ஏதாவது ஒரு நல்லதைப் பெயர் சொல்லி நன்றி சொல்லாமல் முடிக்க வேண்டாம். பொதுவாக "எல்லா நன்மைக்கும் ஸ்தோத்திரம்" என்று முடித்தால் மனசு அதில் ஒட்டாது.

ஒரே தடவையில் நிற்கவில்லையே என்கிறீர்கள். "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்? ஏன் எனக்குள் தியங்குகிறாய்?" என்று சங்கீதக்காரன் 42-ஆம் சங்கீதத்தில் இரண்டு தடவை கேட்கிறான், 43-இல் இன்னொரு தடவை கேட்கிறான். முதல் தடவை கேட்டதிலேயே கலக்கம் போயிருந்தால் மூன்றாவது தடவை எதற்கு? போகவில்லை, அதனால் மறுபடி கேட்டான். நீங்களும் மறுபடி கேளுங்கள்.

வேதாகமக் கல்லூரி மாணவன்

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன் பிரதர். எண்ணத்தைத் துரத்திவிட்டு மனதைக் காலியாக வைத்திருக்க முடியாது. அசுத்த ஆவி விட்டுப்போன வீட்டைப் பற்றி இயேசு மத்தேயு 12-இல் சொல்கிறாரே, பெருக்கி ஜோடித்து வைத்த வீடுதான், ஆனால் வெறுமையாக இருந்தது, அதனால் ஏழு ஆவிகளோடு அது திரும்பி வந்தது. வனாந்தரத்தில் சோதனை வந்தபோதும் அவர் பேசாமல் இருக்கவில்லை, மூன்று தடவையும் உபாகமத்திலிருந்து பதில் சொன்னார், ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான வசனம்.

நான்காம் நூற்றாண்டில் எகிப்து பாலைவனத்தில் இருந்த துறவிகள் இதையே ஒரு பயிற்சியாக ஆக்கினார்கள். 399-இல் இறந்த எவாகிரியுஸ் என்பவர் துறவியைத் தாக்கும் எண்ணங்களை எட்டு வகையாகப் பிரித்தார், பெருந்தீனி, கோபம், துக்கம், சலிப்பு, பெருமை இப்படி. அப்புறம் ஒவ்வொரு வகைக்கும் இந்த எண்ணம் வந்தால் இந்த வசனம் என்று ஏறக்குறைய ஐந்நூறு வசனங்களைத் தொகுத்து ஒரு புத்தகமே எழுதி வைத்தார். வாக்குத்தத்த வசனம் என்று போனில் தினம் ஒன்று வருகிறதே, அது நல்லதுதான், ஆனால் உங்கள் எண்ணத்துக்கு அது பதிலாக இருக்க வேண்டுமே. உங்களுக்கு வருவது நாலு எண்ணம் என்றால் நாலு வசனம் போதும். பகலில் மனசு தெளிவாக இருக்கும்போதே தேர்ந்தெடுத்து எழுதி மனப்பாடம் பண்ணிவிடுங்கள். ராத்திரி போனைத் திறந்து தேட ஆரம்பித்தால் தூக்கம் போனதுதான் மிச்சம்.

திருப்பூர் தம்பி

ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. நோட்டு வாங்கிவிட்டேன். இன்னொன்றும் இருக்கிறது, எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆராதனையில், முக்கியமாகத் திருவிருந்தில் அப்பமும் ரசமும் எடுக்கும்போது, கர்த்தரைப் பற்றியே அசிங்கமான வார்த்தைகள் மனசில் வருகின்றன. நான் நினைப்பதில்லை, தானாக வருகிறது. இரண்டு மாதமாகத் திருவிருந்து எடுக்காமல் பின்னால் உட்கார்ந்துவிடுகிறேன். மன்னிக்கப்படாத பாவம் என்று வேதம் சொல்வது இதுதானோ என்று பயமாக இருக்கிறது.

வேதாகமக் கல்லூரி மாணவன்

பயப்படாதீர்கள். மோட்சப் பிரயாணம் எழுதிய ஜான் பனியனுக்கு இதே வேதனை இருந்தது. கிறிஸ்துவை விற்றுப்போடு, விற்றுப்போடு என்ற எண்ணம் இரவும் பகலும் விடாமல் வந்ததையும், தனக்கு மன்னிப்பே இல்லை என்று தவித்ததையும் 1666-இல் வெளிவந்த தன் வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். கர்த்தரை வெறுக்கிற ஒருவனுக்கு இப்படி எண்ணம் வந்தால் அவன் ஏன் அழப்போகிறான்? உங்களுக்கு வலிக்கிறது என்றால் அது உங்கள் சம்மதத்தோடு வரவில்லை.

வார்டு நர்ஸ்

தம்பி, நானும் சபைக்காரிதான், ஆனால் இந்தக் கடைசி விஷயத்தில் முன்னால் எழுதியவர்களின் வழி அப்படியே பொருந்தாது. தானாக வரும் இந்த மாதிரி எண்ணத்துக்கு ஒவ்வொரு தடவையும் வசனம் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, மறுபடி சொல்லி என்று போனால் அது அடங்காது, அதிகமாகும். மனசு அதைச் செய்தே ஆக வேண்டும் என்று பழகிவிடும். இதற்கு ஓசிடி என்று பெயர், வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வருகிற ஒரு மனநலப் பிரச்சினை, பக்தியுள்ளவர்களுக்குப் பக்தி விஷயத்திலேயே வருவது உண்டு, சிகிச்சை இருக்கிறது. வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டு ஆராதனையைத் தொடருங்கள், எதிர்த்து வாதாட வேண்டாம்.

டாக்டரிடம் போவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் 1 இராஜாக்கள் 19-ஐ வாசிக்கச் சொல்லுங்கள். சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசியைத் தூதன் கடிந்துகொள்ளவில்லை, பிரசங்கமும் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், அவன் மறுபடி படுத்தான், இரண்டாம் தடவையும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். ஓரேப் மலையில் கர்த்தர் பேசியது அதற்கெல்லாம் பிறகுதான். நீங்கள் சரியாகச் சாப்பிடுகிறீர்களா, எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், அதையும் அந்த நோட்டில் எழுதுங்கள்.

அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும், வேலைநாளில் ஒரு காலை லீவு போட்டுப் போய்விடுங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள். அப்புறம், அடுத்த திருவிருந்துக்குப் பின்னால் உட்கார வேண்டாம். உங்கள் சபைப் போதகரிடம் இதை முன்கூட்டியே தனியாகச் சொல்லிவிட்டு, எண்ணம் வந்தாலும் எழுந்து போய் வாங்கிக்கொள்ளுங்கள்.