லாவாவுக்கு நடுவே ஒரு குளம்

மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டிய அளவுக்குச் சின்னதான நுண்புதைபடிவத்தை முதன்முதலாகப் பார்த்த கதையை இந்தக் குழுவில் ஒவ்வொருவராகச் சொல்லி வருகிறீர்கள். என்னுடையது ஆஸ்ட்ரகாட், தண்ணீரில் வாழும் ஒரு குட்டி ஓட்டு உயிர்.

எம்.எஸ்சி. படிக்கும்போது மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பக்கம் களப்பணிக்குப் போனோம். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் லாவா விட்டு விட்டு வழிந்தது. ஒரு ஓட்டம் ஆறி அடுத்தது வருவதற்குள் பள்ளங்களில் தண்ணீர் தேங்கிக் குளங்களாயின. மேலும் கீழும் லாவா இறுகிய பசால்ட் பாறை, நடுவே அந்தக் குளத்துக் களிமண். ஒரு பை அள்ளி வந்தேன்.

களிமண் கரைய பெராக்சைடில் ஊறவைத்து, சல்லடையில் கழுவி, உலர்த்தி மைக்ரோஸ்கோப்பின் அடியில் பரப்பினால், குட்டிக் குட்டி அவரை விதைகள்! ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. சிப்பி போல இரண்டு ஓடு, ஆனால் இது இறால், நண்டுக்கு உறவு. ஈரத் தூரிகையின் நுனியால் தொட்டால் ஒட்டிக்கொண்டு வரும். பலமாக மூச்சு விட்டால் போச்சு.

பெரிது, நடுத்தரம், பொடி என்று பிரித்து ஸ்லைடின் கட்டங்களில் ஒட்டி, மூன்று இனம் கிடைத்த சந்தோஷத்தில் பேராசிரியரிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, "இது அம்மா, இதெல்லாம் பிள்ளைங்கப்பா" என்றார். முட்டையிலிருந்து வந்த ஆஸ்ட்ரகாட் முழு வளர்ச்சி அடைவதற்குள் எட்டு முறை ஓட்டைக் கழற்றிப் போடும். நான் பிரித்து வைத்திருந்தது ஒரே இனத்தின் வெவ்வேறு வயது ஓடுகள்.

அப்புறம் அவர் சொன்னதுதான் இன்றுவரை மனதில் நிற்கிறது. ஓடும் தண்ணீர் என்றால் பொடி ஓடுகளை அடித்துப் போயிருக்கும், ஒரே அளவு ஓடுகளே மிஞ்சும். பெரிதும் பொடியும் ஒன்றாகக் கிடந்தால் அவை அங்கேயே பிறந்து வளர்ந்தவை, தண்ணீர் அசையாமல் நின்றிருக்கிறது. அடுத்த லாவா எப்போது வருமோ என்ற இடத்தில் அப்படி ஒரு அமைதியான குளம்!

லாவா மூடிய ஊருக்கு இவை எப்படித் திரும்பி வந்தன என்று கேட்பீர்கள். பல நன்னீர் இனங்களின் முட்டை காய்ந்து கிடந்தாலும் சாகாது. சிலவற்றுக்கு ஆண் துணையே தேவையில்லை. ஒன்று வந்து சேர்ந்தாலே போதும்.

இந்த அடுக்குகளின் ஆஸ்ட்ரகாட்களுக்கு 1840-லேயே ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் சவர்பி பெயர் வைத்துவிட்டார். ஆனாலும் ஆச்சரியம் தீரவில்லை. சிந்த்வாராவை அடுத்த ஜில்மிலியில் நன்னீர் ஆஸ்ட்ரகாட்களோடு கடலில் மிதந்து வாழும் ஃபொராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் உயிர்களின் ஓடுகளும் கிடைத்தன. நடு இந்தியா வரை கடல் எட்டியிருக்கிறது என்று 2009-ல் வெளிவந்த ஆய்வு சொன்னது.

என் ஸ்லைடில் ஒன்று மட்டும் இரண்டு ஓடும் மூடியபடி முழுசாக இருந்தது. ஊசி பட்டு ஓரம் உடைந்தபோது உள்ளே தெரிந்தது, அந்தக் குளத்துச் சேறு.