மூன்றாம் பக்கத்தில் வேறு இல்லத்தின் பெயர்

குழு: குழந்தைகள் இல்லம் பதிவு வேலை

அக்கா: நம் இல்லத்தின் பதிவு விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. பாதுகாப்புக் கொள்கையின் மூன்றாம் பக்கத்தில் வேறொரு இல்லத்தின் பெயர் இருக்கிறதாம்.

நான்: என் வேலைதான் அக்கா. தெரிந்தவர் ஒருவர் கொடுத்த ஃபைல் அது. எல்லா இடத்திலும் தேடி மாற்றினேன், அந்த ஒரு இடத்தில் மட்டும் எழுத்துப்பிழையோடு இருந்ததால் தேடலில் சிக்கவில்லை.

சித்தப்பா: ஒரு பெயருக்காகவா திருப்பி அனுப்புவார்கள்? மாற்றிக் கொடு, முடிந்தது.

அக்கா: பெயர் மட்டும் இல்லை சித்தப்பா. லிஃப்ட் பழுதானால் என்ன செய்வது என்று ஒரு பத்தி முழுக்க இருக்கிறது. நம் கட்டடத்தில் மாடியே கிடையாது.

அண்ணி: 😂😂

அண்ணி: சிரித்துவிட்டேன், ஆனால் எனக்கு வேறு கவலை. நைட் டியூட்டிக்கு வரப்போகிற அம்மாவிடம் நேற்று அந்த பாலிசியைக் கொடுத்தேன். பொறுமையாகப் படித்துவிட்டு, "ராத்திரி ஒன்பது மணியாகியும் ஒரு பிள்ளை வரவில்லை என்றால் நான் யாருக்குப் போன் செய்யணும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பன்னிரண்டு பக்கத்தையும் இரண்டு பேரும் புரட்டினோம். "நியமிக்கப்பட்ட அலுவலருக்கு உடனடியாகத் தெரிவிக்கவும்" என்று இருக்கிறது. யார் அந்த அலுவலர், நம்பர் என்ன, அவர் எடுக்காவிட்டால் அடுத்து யார், போலீஸுக்கு எப்போது சொல்வது, ஒன்றும் இல்லை.

சித்தப்பா: அம்மா, பாலிசி என்பது ஆய்வுக்கு வருகிறவர்கள் பார்க்கத்தானே. நடைமுறை நமக்குத் தெரியாதா?

அக்கா: உங்களுக்குத் தெரியும் சித்தப்பா, புதிதாக வருகிறவருக்குத் தெரியாதே. பெற்றோரோடு இருக்க முடியாத பிள்ளைகளைப் பராமரிப்பது பற்றி 2009-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்களை எடுத்துப் பாருங்கள். இல்லத்தின் நோக்கம், அது நடக்கும் விதம், ஆட்களைத் தேர்ந்தெடுப்பது, பராமரிப்பு நிலை, பண வசதி, இவ்வளவையும் வைத்துத்தான் அனுமதி தர வேண்டும், தந்ததையும் அவ்வப்போது மறுபடி பார்க்க வேண்டும் என்கிறது. இன்று தப்பித்தாலும் அடுத்த முறை மாட்டுவோம்.

அண்ணி: சின்ன மாமா, நடத்தை விதிகளில் "தவறு செய்யும் பிள்ளை ஒரு வாரம் வீட்டுக்குப் பேசக் கூடாது" என்று நீங்கள்தானே சேர்த்தீர்கள்?

சித்தப்பா: ஆமாம். அடிக்கக் கூடாது, இருட்டறையில் அடைக்கக் கூடாது என்று போட்டாயிற்று. அப்புறம் எதை வைத்துத்தான் கண்டிப்பது?

அண்ணி: இதை வைத்தும் கூடாது. குடும்பத்தோடு உள்ள தொடர்பைக் குறைப்பதை ஒருபோதும் தண்டனையாக்கக் கூடாது என்று அதே வழிகாட்டுதல் தெளிவாகவே சொல்கிறது. வீட்டை விட்டு வந்த பிள்ளைக்கு அந்தப் போன் ஒன்றுதானே மிச்சம் இருக்கிறது, அதையும் பிடுங்கினால் எப்படி?

சித்தப்பா: சரி, எடுத்துவிடு.

அக்கா: புகார் நடைமுறையும் உதைக்கிறது. புகாரைப் பொறுப்பாளரிடம் தர வேண்டும் என்று இருக்கிறது. புகாரே பொறுப்பாளர் மேல் என்றால்?

சித்தப்பா: என் மேலா 😠

அக்கா: யார் மேலாகவும் இருக்கலாம் சித்தப்பா. இல்லத்தில் வேலை செய்யாத வெளியாள் ஒருவரின் பெயரும் நம்பரும் பிள்ளைகளின் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். புகார்ப் பெட்டியையும் உங்கள் மேஜைக்கு எதிரே வைத்திருக்கிறீர்கள். எந்தப் பிள்ளை உங்களைப் பார்த்துக்கொண்டே சீட்டுப் போடும்?

சித்தப்பா: [படம்] மருந்து அலமாரி தயார். பூட்டு போட்டாயிற்று. இதிலாவது குறை சொல்லாதீர்கள்.

நான்: சித்தப்பா, படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சாவி பக்கத்து ஆணியிலேயே தொங்குகிறது.

அண்ணி: 😂 சாவி டியூட்டியில் இருப்பவரின் கையில்தான் இருக்க வேண்டும். மருந்துப் பதிவேட்டில் நேரம், அளவு, கொடுத்தவர் கையெழுத்து, பக்கத்தில் இருந்தவர் கையெழுத்து, பிள்ளை வேண்டாம் என்றால் அதையும் எழுத ஒரு கட்டம். தம்பி, அந்தப் பழைய ஃபைலை மறந்துவிடுங்கள், நம் வீட்டை அறை அறையாகச் சுற்றிப் பார்த்துப் புதிதாக எழுதுவோம். பிள்ளை காணாமல் போனால் என்ன செய்வது என்ற தாளை இன்றே எழுதி அனுப்புங்கள், முதல் நம்பர் சின்ன மாமா. ராத்திரி அந்த அம்மாவை வைத்துச் சோதித்துப் பார்க்கிறேன்.

நான்: அனுப்பிவிட்டேன். ஒரே பக்கம்தான்.

இரவு 9.20

அண்ணி: தாளைப் பார்த்து நேராக முதல் நம்பருக்கு அடித்தார். ஸ்விட்ச் ஆஃப். இரண்டாவது நம்பரே இல்லை. தாளோடு என்னிடம் வந்து நிற்கிறார்.

இரவு 10.05

சித்தப்பா: இப்போதுதான் பார்க்கிறேன். சார்ஜ் இல்லாமல் போய்விட்டது. இரண்டாவதாக உன் நம்பரைப் போடு அம்மா.