லேக் டைம்: ‘தாமத நேரம்’ சரியா?

அன்பர்களே, வணக்கம்.

புரதச் சிமுலேஷன் (புரத அணுக்களின் அசைவைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது) தரவை எந்திரக் கற்றலால் அலசும் கட்டுரையில் ‘லேக் டைம்’ (lag time: ஒப்பிடும் இரண்டு கணங்களுக்கு இடையிலான காலம்) அடிக்கடி வருகிறது. இப்போதைக்குத் ‘தாமத நேரம்’ என்று போட்டிருக்கிறோம். ‘கால எட்டு’ என்றும் ஒரு யோசனை வந்தது. ‘கால எட்டு 20 நானோநொடி’ என்று எழுதும்போது சொல்லும் எண்ணும் குழம்புகின்றன. கருத்துச் சொல்லுங்கள்.

*

ஐயா, வணக்கம்.

‘தாமதம்’ வேண்டவே வேண்டாம். வர வேண்டியது நேரத்துக்கு வராவிட்டால்தான் தாமதம். இங்கே ஒரு சட்டகத்தை (ஒரு கணத்தில் அணுக்கள் எங்கே இருந்தன என்ற பதிவை) எடுத்து, 20 நானோநொடி கழித்து வரும் சட்டகத்தோடு சோடி சேர்க்கிறோம், அவ்வளவுதான். ‘காலத்தாவல்’ என்று வைக்கலாம்.

‘இடைவெளி’ என்று பொதுவாகச் சொல்லவும் முடியாது. கணினி அணுக்களை ஒருமுறை நகர்த்தும் கால அளவான ‘காலடி’ 2 ஃபெம்டோநொடி. 50,000 காலடிக்கு ஒரு சட்டகம் சேமித்தால் சேமிப்பு இடைவெளி 100 பிக்கோநொடி. 20 நானோநொடிக் காலத்தாவல் என்பது அதில் 200 சட்டகம். 2010-இல், இத்தகைய சிமுலேஷனுக்கென்றே கட்டப்பட்ட ஆன்டன் கணினி, 58 அமினோ அமிலம் கொண்ட பிபிடிஐ புரதத்தை 1 மில்லிநொடிக்கு ஓட்டிக் காட்டியது. இந்தக் கணக்கில் சேமித்தால் அது 1 கோடி சட்டகம். கண்ணால் பார்த்து முடியாது.

முதன்மைக் கூறாய்வும் (PCA: தரவு எந்தத் திசைகளில் அதிகம் மாறுகிறது என்று பார்க்கும் முறை) போதாது. அது பெரிய அசைவைத்தான் பிடிக்கும். புரதத்தின் நுனி வால் ஓயாமல் ஆடினால் முதல் கூறு அதற்கே போய்விடும். எப்போதாவது திறந்து மூடும் வளையம் தப்பிவிடும். தாவிய பிறகும் எது தன் பழைய மதிப்போடு ஒட்டி நிற்கிறதோ, அதுவே மெதுவான அசைவு. நமக்கு வேண்டியது அதுதான்.

எவ்வளவு தாவுவது? குறைத்துத் தாவினால் நிலைகளில் (ஒத்த வடிவங்களின் தொகுப்புகளில்) பழைய நினைவு மிஞ்சி, உட்கிடைக் கால அளவு (மெதுவான அசைவுக்கு மாதிரி கணிக்கும் காலம்) உண்மையைவிடக் குறைவாக வரும். கூட்டிக்கொண்டே போய், அந்தக் கால அளவைத் தாவலுக்கு எதிரே வரைந்த கோடு கிடையாகத் தொடங்கும் இடத்தில் நிற்க வேண்டும். அதற்கும் மேலே போனால் விரைவான மாற்றங்கள் தொலையும், சோடிகளின் எண்ணிக்கை சுருங்கிப் பிழை பெருகும்.

*

அம்மா, ‘காலத்தாவல்’ எனக்கும் ஏற்புதான். ஒரே இடர்: மூலக்கூறு நிலைவிட்டு நிலை போவதையும் கட்டுரையில் ‘தாவல்’ என்றே எழுதியிருக்கிறோம். அதை ‘நிலைமாற்றம்’ ஆக்கிவிடலாம்.

விளக்கத்தில் இவற்றையும் சேர்க்க வேண்டும். தனித்தனியே ஓட்டிய சிமுலேஷன்களின் கோப்புகளை ஒன்றாக ஒட்டிவிட்டுத் தாவக் கூடாது. முதல் ஓட்டத்தின் கடைசிச் சட்டகங்கள் அடுத்த ஓட்டத்தின் தொடக்கத்தோடு சோடி சேர்ந்து, நடக்காத நிலைமாற்றம் கணக்கில் ஏறிவிடும். 150 சட்டகமே உள்ள ஓட்டம், 200 சட்டகத் தாவலுக்கு ஒரு சோடியும் தராது.

மெதுவான அசைவுகளைத் தானே கற்கும், 2018-இல் வந்த வாம்ப்நெட் போன்ற நரம்பு வலையமைப்பிலும் காலத்தாவலை நாம்தான் கொடுக்கிறோம். வெவ்வேறு தாவல்களில் கிடைத்த மதிப்பெண்களை (மெதுவான அசைவை மாதிரி எவ்வளவு நன்றாகப் பிடித்தது என்பதன் அளவை) ஒப்பிடக் கூடாது. தாவல் குறையக் குறைய மதிப்பெண் தானாகவே உயரும். ‘மதிப்பெண் கூடியதைத் தேர்ந்தெடு’ என்று நிரலிடம் விட்டால், இருப்பதிலேயே சிறிய தாவலை எடுத்து வைக்கும்.