உதவி: ஆப் மாதிரியில் கீபோர்டு வரவில்லை, அவசரம்

வேளச்சேரி_வெண்பா: வணக்கம். தண்ணீர் கேன் ஆர்டர் எடுக்கும் ஆப்புக்கு மாதிரி (புரோட்டோடைப்) தயார். என் லேப்டாப்பில் நன்றாக ஓடுகிறது. நேற்று கேன் போடும் அண்ணனிடம் கொடுத்தேன். போன் நம்பர் கட்டத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார், கீபோர்டே எழும்பவில்லை. "நெட் இல்லையாம்மா?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். வெள்ளிக்கிழமை தரமணியில் காட்டணும். என்ன செய்வது?

கிண்டி_குமார்: எதில் செய்தீர்கள்? என்ன போன்? லிங்க் அனுப்பினீர்களா, ஏபிகே (இன்ஸ்டால் செய்யும் ஃபைல்) கொடுத்தீர்களா?

ஆவடி_ஆண்ட்ராய்டு: பிரவுசர் கேஷ்தான், சேர்ந்து கிடக்கும் பழைய தரவு. அழித்துவிட்டு குரோமில் திறக்கச் சொல்லுங்கள்.

பழைய_பெருச்சாளி: முதலில் கேள்வியை முழுசாகக் கேளுங்கள் தம்பி. நாங்களெல்லாம் காகிதத்தில் பெட்டி வரைந்தே சோதித்தவர்கள். 5 பேரிடம் காட்டினால் போதும் என்று பயனர் சோதனை நிபுணர் நீல்சன் 2000-லேயே எழுதிவிட்டார். நீங்கள் ஒருவரிடம் காட்டிவிட்டு அவசரம் என்கிறீர்கள்.

வேளச்சேரி_வெண்பா: தம்பி இல்லை சார், தங்கச்சி. திரை வரையும் ஃபிக்மா டூலில் செய்தேன். பழைய ஆண்ட்ராய்டு போன், லிங்க்தான். லேப்டாப்பில் 'அடுத்து' பொத்தானை அழுத்தினால் அடுத்த திரை வருகிறதே?

மயிலை_பிக்சல்: ஃபிக்மா என்று முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி இழை மிச்சம். போன் மேல் தப்பில்லை. நீங்கள் வரைந்த கட்டம் வெறும் செவ்வகம். அந்த மாதிரியில் திரை விட்டுத் திரை தாவலாம், அவ்வளவுதான். வெள்ளிக்குள் வேண்டுமென்றால் கீபோர்டு படம் ஒன்றை ஓவர்லேயாக (திரைக்கு மேல் வரும் அடுக்காக) வைத்து, கட்டத்தைத் தொட்டால் கீழிருந்து எழும்பட்டும். அதில் எங்கே தொட்டாலும் நம்பர் நிரம்பிய திரைக்குப் போகட்டும். நிஜமாகவே டைப் அடிக்க புரோட்டோபை, ஆக்சர் என்ற டூல்கள் இரண்டிலும் வழி உண்டு.

ஆனால் அந்த அண்ணனிடம் எதைச் சோதிக்கிறீர்கள்? ஓடிபி போடத் தெரியுமா என்பதையா? லாகினைத் தூக்கிவிட்டு, எந்த வீட்டுக்கு எத்தனை கேன், எத்தனை காலி கேன் திரும்பியது என்ற திரையில் தொடங்குங்கள். காலி கேனிலும் அட்வான்ஸிலும்தான் அங்கே சண்டையே.

கிண்டி_குமார்: இன்னும் சுலபம், ஒரே தெருவுக்கு வாட்ஸ்அப் நம்பர் கொடுங்கள். பின்னால் நீங்களே உட்கார்ந்து ஷீட்டில் ஆர்டர் எழுதுங்கள். ஆப் தேவையா என்பதே தெரிந்துவிடும்.

பழைய_பெருச்சாளி: அது எம்விபி, குறைந்த வசதியோடு நிஜமாகவே ஓடும் முதல் வடிவம். மாதிரி வேறு, எம்விபி வேறு. அடிப்படையே தெரியாமல் ஆலோசனை.

கிண்டி_குமார்: சரி சார், எம்விபி. கேன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும்.

மயிலை_பிக்சல்: அந்த 5 பேர் கணக்கு ஒரே வகைப் பயனர்களுக்கு. இரண்டு வகை என்றால் வகைக்கு 3, 4 பேர் என்று அதே கட்டுரையில் இருக்கிறது. இங்கே வீட்டுக்காரர் ஒரு வகை, கேன் போடுகிறவர் இன்னொரு வகை. அதுவும் ஒரே தடவையோடு முடிவதல்ல, திருத்தித் திருத்தி மறுபடி காட்ட வேண்டும்.

பழைய_பெருச்சாளி: கட்டுரை வந்தபோதே படித்தவன் நான்.

ஆவடி_ஆண்ட்ராய்டு: கேஷ் அழித்தீர்களா?

வேளச்சேரி_வெண்பா: ஓவர்லே வைத்தேன், எழும்புகிறது. லாகினை எடுத்துவிட்டேன். காலி கேன் திரையை மட்டும் அண்ணன் ரொம்ப நேரம் பார்த்தார். "பாக்கி எங்க காட்டும்?" என்கிறார். அதற்குத் திரையே இல்லை, இப்போதுதான் வரைகிறேன். நன்றி எல்லோருக்கும்.

கிண்டி_குமார்: வெள்ளி போய்த் திங்களும் வந்தாச்சு. என்ன சொன்னார்கள்?

போரூர்_பாலா: எனக்கும் இதே பிரச்சினை. கீபோர்டு வரவில்லை. அவசரம்.

மயிலை_பிக்சல்: எதில் செய்தீர்கள்?