குறைந்த செலவில் புட்டியிலிருந்து கெக்குக்கு மாறலாமா?

நுரைவிரும்பி:
வீட்டில் ஒரு தடவைக்கு 19 லிட்டர் வீதம் பீர் காய்ச்சி வருகிறேன். 330 மில்லி புட்டிகள் ஐம்பதுக்கும் மேல் தேவைப்படுகின்றன. அவற்றைக் கழுவி, கிருமி நீக்கி, சர்க்கரைக் கரைசல் கலந்து, நிரப்பி, மூடி அழுத்தி முடிப்பதற்குள் காய்ச்சும் ஆர்வமே வடிந்துவிடுகிறது. பழைய கெக் (பீரை மொத்தமாக நிரப்பி, வாயு அழுத்தத்தில் வைத்து ஊற்றும் கலம்) ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. அதை இப்போதே வாங்கிவிட்டு மற்றவற்றைச் சிறுகச் சிறுகச் சேர்த்துக்கொள்ளலாமா, எல்லாவற்றுக்கும் பணம் சேரும்வரை புட்டியிலேயே தொடர்வது நல்லதா?

கலயம்:
தயங்காமல் வாங்குங்கள். சந்தையில் கிடைக்கும் பழைய 19 லிட்டர் கெக்குகளில் பெரும்பாலானவை குளிர்பான நிறுவனங்கள் பாகு அனுப்பப் பயன்படுத்தியவை. துருப்பிடிக்காத எஃகால் ஆனவை என்பதால் உடல் கெடுவது அரிது, கெடுவதெல்லாம் ரப்பர்தான். மூடிக்கு ஒன்று, வாயு உள்ளே போகவும் பீர் வெளியே வரவும் உள்ள இரண்டு முனைகளுக்கும் ஒவ்வொன்று, உள்ளே இறங்கும் இரு குழாய்களுக்கும் ஒவ்வொன்று என ஐந்து ரப்பர் வளையங்களையும் (ஓ-ரிங்) மாற்றிவிட்டால், பழைய பானத்தின் வாசனையும் போகும், பாதிக் கசிவும் போகும். வாங்குவதற்கு முன் அதன் முனைகள் பால் லாக் வகையா பின் லாக் வகையா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் ஒன்றின் இணைப்பான் மற்றொன்றில் பொருந்தாது. கரியமில வாயு சிலிண்டர் வாங்கப் பணம் சேரும்வரை, புட்டியில் செய்வதைப் போலவே கெக்கிலும் சர்க்கரை சேர்த்து மூடி வைத்து வாயு ஏற்றலாம்.

பழையபுட்டி:
கலயம் அவர்கள் பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். சர்க்கரையால் வாயு ஏறும் என்பது உண்மை. ஆனால் பழைய கெக்கின் மூடி, உள்ளிருந்து அழுத்தம் தள்ளினால்தான் ரப்பரோடு இறுகிப் பொருந்தும். தொடக்கத்தில் அந்த அழுத்தத்தைத் தர வெளிவாயு இல்லையென்றால், ஈஸ்ட் மெல்ல மெல்ல உண்டாக்கும் வாயு மூடியின் ஓரமாகவே வெளியேறிவிடும். அப்படியே இறுகிவிட்டது என்று வைத்துக்கொண்டாலும், சில குவளைகள் ஊற்றியதும் அழுத்தம் இறங்கி, மீதி பீர் வெளியே வராது.

கெக்தான் இந்த ஏற்பாட்டிலேயே மலிவான பொருள் என்பதை யாரும் முதலில் சொல்வதில்லை. சிலிண்டர், வாயுவின் அழுத்தத்தைக் குறைத்துச் சீராக்கும் ரெகுலேட்டர், இணைப்பான்கள், குழாய், பீர் ஊற்றும் திறப்பான் ஆகியவற்றுக்குப் பிறகு, அறுபது சென்டிமீட்டருக்கும் மேல் உயரமான ஒரு பாத்திரத்தை எப்போதும் குளிரில் வைத்திருக்க ஒரு ஃபிரிட்ஜும், அதற்கான மின்கட்டணமும் வேண்டும். புட்டிக்கு இவை எதுவும் தேவையில்லை. வேண்டியபோது இரண்டை மட்டும் குளிர வைத்தால் போதும்; நண்பருக்குக் கொடுத்தனுப்பலாம்; கடுமையான பீரை மாதக்கணக்கில் முதிர விடலாம். வேலைதான் சுமை என்றால் 650 மில்லி புட்டிக்கு மாறுங்கள், எண்ணிக்கை முப்பதுக்குள் அடங்கிவிடும். அழுத்தம் தாங்குவதற்கென்றே செய்த புட்டியாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

கலயம்:
ஃபிரிட்ஜைப் பற்றிய வாதத்தை ஏற்கிறேன். இடமில்லாதவர் கெக்கைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஆனால் தொடர்செலவைப் பெரிதுபடுத்துகிறீர்கள். ஒரு லிட்டர் பீரில் தன் பருமனைப் போல் 2.4 மடங்கு கரியமில வாயு கரைந்திருக்க வேண்டுமென்றால், 19 லிட்டருக்கு ஏறத்தாழ 90 கிராம் ஆகும். அதில் ஒரு பங்கு நொதித்தலிலிருந்தே பீரில் தங்கியிருக்கும். கடைசிக் குவளைவரை வெளியே தள்ள இன்னும் 65 கிராம் வைத்துக்கொள்ளுங்கள். 2.27 கிலோ வாயு பிடிக்கும் சிறிய சிலிண்டரே பத்துக் கெக்குக்குக் குறையாமல் வரும். 4 டிகிரி குளிரில் 0.8 பார் அழுத்தத்தில் இணைத்து விட்டுவிட்டால், ஒன்றிரண்டு வாரத்தில் வாயு தானாகவே ஏறிவிடும்.

சுவையையும் மறந்துவிட்டீர்கள். ஹாப் என்ற பூவின் மணம் மிகுந்த பீரைப் புட்டியில் ஊற்றும்போது சேரும் ஆக்சிஜன் அந்த மணத்தைத்தான் முதலில் தின்கிறது. கெக்கைக் கிருமிநீக்கி நீரால் விளிம்புவரை நிரப்பி, அந்த நீரை வாயுவால் வெளியே தள்ளிவிட்டுப் பீரை மூடிய குழாய் வழியே உள்ளே அனுப்பினால், காற்று படுவதற்கே அநேகமாக வழியில்லை.

பழையபுட்டி:
புட்டியில் உயிரோடிருக்கும் ஈஸ்ட் அந்த ஆக்சிஜனில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்கிறதே, அதையும் கணக்கில் சேருங்கள். ஹாப் மிகுந்த வகைகளுக்கு அது போதாது என்பதை மறுக்கவில்லை. ஆனால் எல்லோரும் அவற்றை மட்டுமா காய்ச்சுகிறோம்? நீரைத் தள்ளுவதற்கும் தடவைக்கு 40 கிராம் வாயு செலவாகிறது, அது உங்கள் கூட்டலில் இல்லை. கசிவும் இல்லை. இணைப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கசிவு இருந்தால், பத்துக் கெக்குக்கு என்று வாங்கிய வாயு ஒரே இரவில் போய்விடும்.

அது பணநஷ்டம் மட்டுமன்று. 2.27 கிலோ வாயு அறை வெப்பத்தில் 1,200 லிட்டருக்கும் மேல் விரியும்; 30 கனமீட்டர் கொண்ட மூடிய அறையில் முழுவதும் கசிந்தால், காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு கரியமில வாயு ஆகிவிடும். மனிதர் இருக்கக் கூடாத அளவு அது. சிறிய படுக்கையறையில் ஃபிரிட்ஜை வைத்துக் கெக் நடத்துவோருக்கு இதை யாரும் சொல்வதில்லை.

நொதிமானி:
இருவரும் வாயுவை வாங்குவதைப் பற்றியே வாதாடுகிறீர்கள். இலவசமாக வரும் வாயுவை வீணாக்குவதைப் பற்றி யாரும் பேசவில்லை. நீரின் அடர்த்தி 1 என்றால், 1.050 அடர்த்தியில் தொடங்கி 1.010இல் முடியும் 19 லிட்டர் பீர், நொதிக்கும்போதே ஏறத்தாழ 750 கிராம் கரியமில வாயுவை வெளிவிடுகிறது. கலயம் கணக்கிட்ட முழுத் தேவையின் நான்கு மடங்குக்கும் மேலான வாயு, காற்றை உள்ளே விடாமல் வாயுவை மட்டும் வெளியே விடும் நீர்ப்பூட்டு வழியே குமிழிட்டுப் போகிறது! அதன் வெளிக்குழாயைக் காலிக் கெக்கின் திரவ முனையில் இணைத்து, வாயு முனையைத் திறந்துவிட்டாலே, கெக்கிலுள்ள காற்று பெரும்பாலும் வெளியேறிவிடும்.

இன்னும் ஒரு படி மேலே போக விரும்பினால், கெக்கிலேயே நொதிக்க வைக்கலாம். நுரைக்கு இடம் விட்டு 16 லிட்டர் மட்டும் நிரப்பி, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு ஒன்றைப் பொருத்துங்கள். 20 டிகிரியில் 2 பாருக்குச் சற்றுக் குறைவாக நிறுத்தினால், நொதித்தல் முடியும்போதே வாயு ஏறிய பீர் தயாராக இருக்கும். அடிமண்டி வராமலிருக்க, மேல்மட்டத்திலிருந்து பீரை எடுக்கும் மிதக்கும் குழாய் நல்லது. எஃகுக் கெக்கில் மட்டுமே, அதன் பாதுகாப்பு வால்வு வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே இதைச் செய்யலாம்; கண்ணாடிக் குடுவையையோ சாதாரணப் பிளாஸ்டிக் வாளியையோ அழுத்தத்துக்கு உட்படுத்தவே கூடாது.

நுரைவிரும்பி:
கராஜில் தட்டுகள் கழற்றப்பட்ட பழைய ஃபிரிட்ஜ் ஒன்று சும்மா நிற்கிறது. காய்ச்சும் பீர் பெரும்பாலும் வீட்டிலேயே தீர்ந்துவிடும். சிலிண்டருக்குப் பதிலாக 16 கிராம் வாயுக் குப்பிகளை வைத்துச் சமாளிக்க முடியுமா?

கலயம்:
ஊற்றுவதற்கு மட்டும் என்றால் முடியும். வாயு ஏற்ற முடியாது. 90 கிராம் ஏற்ற எத்தனை குப்பிகள் என்று வகுத்துப் பாருங்கள், கிராமுக்கு ஆகும் விலையில் சிலிண்டரைவிட எவ்வளவோ அதிகம். நொதிமானி சொன்ன வழியில் வாயு ஏற்றிக்கொண்டு, குப்பியை ஊற்றுவதற்கு வைத்துக்கொள்வது இடைக்காலத்துக்குச் சரியாக வரும். ரெகுலேட்டரில் மட்டும் சிக்கனம் வேண்டாம். திறப்பானுக்குக் கையில் பிடித்து அழுத்தும் பிளாஸ்டிக் வகையே போதும், ஆனால் குழாயைக் குட்டையாக வெட்டிவிடாதீர்கள்: 5 மில்லிமீட்டர் உள்விட்டத்தில் 3 மீட்டராவது இல்லையென்றால் குவளை முழுக்க நுரைதான் வரும்.

பழையபுட்டி:
ஃபிரிட்ஜ் இருக்கிறது, பீரும் வீட்டிலேயே தீர்கிறது என்றால் என் மறுப்பில் பாதி போய்விட்டது. இருந்தாலும் புட்டிகளை விற்றுவிடாதீர்கள், முதிர வைக்கும் பீருக்கு அவைதான் வேண்டும். சிலிண்டர் வாங்கும் நாளில் காலிக் கெக்கை 2 பாருக்கு ஏற்றி, எல்லா இணைப்பிலும் சோப்பு நீர் தடவிப் பார்த்து, சிலிண்டர் வால்வை மூடிவிட்டு மறுநாள் அழுத்தமானியின் முள் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பீர் நிரப்பிய கெக்கில் இந்தச் சோதனை செல்லாது. பீர் வாயுவை உறிஞ்சினாலும் முள் இறங்கத்தான் செய்யும்.

நொதிமானி:
சோதனையைக் குளிர்ந்த நிலையிலும் ஒருமுறை செய்யுங்கள். அறை வெப்பத்தில் பிடித்து நிற்கும் பழைய ரப்பர், 4 டிகிரியில் விறைத்துச் சுருங்கிக் கசியத் தொடங்குவது உண்டு. கெக்கை உள்ளே வைத்ததும் வாயு குளிர்வதாலேயே முள் சிறிது இறங்கும். நன்றாகக் குளிரும்வரை காத்திருந்து, அதன் பிறகு குறித்துக்கொள்ளுங்கள்.