மூன்றுமே ‘கடல் மேற்பரப்பு வெப்பநிலை’தான், எண்கள் மட்டும் ஏன் ஒத்துப்போகவில்லை?

அலைமகன்:
வணக்கம். வங்காள விரிகுடாவின் ஏப்ரல் மாதத் தரவுகளை ஒரே நெட்சிடிஎஃப் (அறிவியல் தரவுகளைச் சேமிக்கும் வடிவம்) கோப்பில் சேர்க்கிறேன். 1 மீட்டர் ஆழத்தில் உணரி உள்ள மிதவை ஒன்று, அகச்சிவப்புச் செயற்கைக்கோள் தரவு ஒன்று, அப்புறம் பிரிட்டன் வானிலைத் துறையின் ஆஸ்டியா தினசரித் தரவு. காற்று ஓய்ந்த மதியங்களில் செயற்கைக்கோள் மற்ற இரண்டையும் விட ஒரு டிகிரிக்கு மேல் சூடாகக் காட்டுகிறது, இரவிலோ மிதவையை விடக் கொஞ்சம் குளிர்ச்சி. இதில் எது தப்பு? மூன்றுக்கும், தரவு மாறிகளுக்குப் பொதுவான பெயர்களை வகுக்கும் சிஎஃப் மரபின் ‘சீ சர்ஃபேஸ் டெம்பரேச்சர்’ என்ற ஒரே பெயரைக் கொடுக்கலாமா?

உவரி:
எதுவும் தப்பில்லை நண்பரே, மூன்றும் வேறு வேறு நீரை அளக்கின்றன. அகச்சிவப்புக் கருவி பார்ப்பது மேலே 10 முதல் 20 மைக்ரோமீட்டர் ஆழத்துக்குள் இருக்கும் தோலை மட்டும்தான். அந்தத் தோல் காற்றுக்கு வெப்பத்தை விட்டுக்கொண்டே இருப்பதால் அடியில் உள்ள நீரை விடப் பெரும்பாலும் சற்றுக் குளிர்ந்திருக்கும், உங்கள் இரவு வித்தியாசம் அதுதான். மைக்ரோவேவ் கருவி அதற்குக் கீழே, சுமார் ஒரு மில்லிமீட்டரில் உள்ள உள்தோலைப் பார்க்கிறது. பகலில் வெயில் அடித்துக் காற்றும் இல்லையென்றால் மேல்நீர் கலக்காமல் அப்படியே சூடேறும், சில சமயம் 3 டிகிரிக்கு மேலும் போகும், 1 மீட்டரில் இருக்கும் மிதவைக்கு அதில் ஒரு பங்குதான் தெரியும். ஆஸ்டியா தருவது அடித்தள வெப்பநிலை, கடல்தரையின் வெப்பநிலை அல்ல, இந்தப் பகல் சூட்டின் பாதிப்பே இல்லாத நீரின் வெப்பநிலை. தோல், உள்தோல், அடித்தளம் மூன்றுக்கும் சிஎஃப் பட்டியலில் தனித்தனிப் பெயர் இருக்கிறது. மிதவைக்கு ‘சீ வாட்டர் டெம்பரேச்சர்’ என்று போட்டு 1 மீட்டர் ஆழத்தை அச்சாகக் கொடுங்கள். இவ்வளவு தெளிவாக வரையறுத்து வைத்திருக்கும்போது எல்லாவற்றையும் பொதுப்பெயரில் கொட்டுவது அடுத்து அந்தக் கோப்பைத் திறப்பவருக்குச் செய்யும் அநியாயம்.

முத்துநகர்:
உவரி சொல்வது சரி, ஆனால் பொதுப்பெயரை ஒதுக்கிவிட வேண்டாம். கப்பல் தரவை எடுத்துக்கொள்ளுங்கள். கேன்வாஸ் வாளியில் மொண்டு அளந்தால் ஆவியாதலால் நீர் குளிர்ந்துவிடும். எஞ்சின் அறைக்கு உள்ளிழுக்கும் நீரை அளந்தால் அது சில மீட்டர் ஆழத்து நீர், போகும் வழியில் சூடும் ஏறும். 1945இன் பிற்பகுதியில் உலக சராசரி வெப்பநிலையைக் காட்டும் கோட்டில் சுமார் 0.3 டிகிரி சடாரென்று இறங்கியது கடல் குளிர்ந்ததால் அல்ல, போர் முடிந்ததும் எஞ்சின் நீரை அளந்த அமெரிக்கக் கப்பல்களின் பங்கு குறைந்து, வாளியில் அளந்த பிரிட்டிஷ் கப்பல்களின் பங்கு கூடியதால். இப்படி ஆழமும் முறையும் பதிவாகாத தரவுக்கு ‘மேற்பரப்புக்கு அருகில்’ என்று மட்டும் சொல்லும் பெயர்தான் நேர்மையானது. 1850–1900 சராசரியிலிருந்து 2011–2020 வரை கடல் மேற்பரப்பு மொத்தமாகச் சூடானதே 0.88 டிகிரி என்கிறது ஐநாவின் பருவநிலை மாற்றக் குழுவான ஐபிசிசியின் ஆறாம் அறிக்கை, அதில் 0.3 எவ்வளவு பெரியது என்று பாருங்கள்.

இன்னொன்று, கருவியை வைத்துப் பெயரை முடிவு செய்யாதீர்கள். அகச்சிவப்புக் கருவியின் அளவீட்டையே மிதவைகளோடு ஒப்பிட்டுத் திருத்தி வெளியிடும் தொகுப்புகள் உண்டு, அமெரிக்கக் கடல், வளிமண்டல அமைப்பான நோவாவின் ஓஐஎஸ்எஸ்டி தொகுப்பு அப்படித்தான். அளந்தது தோலை, கையில் கிடைப்பது மிதவை ஆழத்து மதிப்பு. தொகுப்பின் கையேட்டைப் படிக்காமல் ‘ஸ்கின்’ என்று எழுதிவிட வேண்டாம்.

அலைமகன்:
இருவருக்கும் நன்றி. என் செயற்கைக்கோள் தொகுப்பின் கையேட்டில் தோல் வெப்பநிலை என்றே இருக்கிறது. அப்படியென்றால் எல்லாவற்றோடும் 0.17 கூட்டினால் மிதவைக்கு இணையாகிவிடுமா? அந்த எண்ணை அடிக்கடி பார்க்கிறேன்.

உவரி:
எல்லாவற்றோடும் கூட்டாதீர்கள். 0.17 என்பது காற்று நொடிக்கு சுமார் 6 மீட்டருக்கு மேல் வீசி மேல்நீர் நன்றாகக் கலந்திருக்கும்போது கிடைக்கும் சராசரி வித்தியாசம். உங்கள் சிக்கலே காற்றில்லாத ஏப்ரல் மதியம்தானே, அங்கே தோலே மிதவையை விடச் சூடு, கூட்டினால் பிழை இன்னும் பெரிதாகும்.

நீரோட்டம்:
கடல் மேற்பரப்பு வெப்பநிலைக்கான பன்னாட்டுக் குழுவான ஜிஹெச்ஆர்எஸ்எஸ்டியின் வடிவத்தில் வரும் இரண்டாம் நிலைக் கோப்பாக (செயற்கைக்கோள் கடந்த பாதையிலேயே இருக்கும் தரவு) இருந்தால் காற்றின் வேகமும் உள்ளேயே இருக்கும், அதை வைத்து இரவும் பலத்த காற்றும் சேர்ந்த பதிவுகளை மட்டும் பிரித்து மிதவையோடு ஒப்பிடுங்கள். வெப்பநிலை அதில் கெல்வினில் இருக்கும், அதையும் கவனியுங்கள். பின்னால் பருவநிலை மாதிரிகளையும் சேர்ப்பதாக இருந்தால் அவற்றில் ‘டாஸ்’ என்ற மாறிதான் கடல்நீரின் மேற்பரப்பு வெப்பநிலை; ‘டிஎஸ்’ என்பது நிலம், பனி எல்லாவற்றுக்கும் உரிய மேற்பரப்பு வெப்பநிலை, கடல்பனி மூடிய இடத்தில் அது பனியின் வெப்பநிலையைக் காட்டும். மூன்று தரவையும் தனித்தனி மாறிகளாகவே வையுங்கள், ஒரே காலவரிசையாக ஒட்ட வேண்டாம். தோல் பதிவுகளில் செயற்கைக்கோள் கடந்த நேரத்தையும் விடாமல் எழுதுங்கள், தேதி மட்டும் போதாது.