சென்ட்ரல் பக்கத்தில் இருந்த பீப்பிள்ஸ் பார்க், பழைய மிருகக்காட்சி சாலை: இப்போது போனால் பார்க்க என்ன இருக்கிறது?

பெரம்பூர் மருமகள்:

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் அப்பா கும்பகோணத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிறார். எழுபது தாண்டிவிட்டது, மூட்டு வலியும் உண்டு. ஆனால் மனுஷருக்கு ஊர் சுற்றும் ஆசை குறையவில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது மெட்ராஸுக்குச் சுற்றுலா கூட்டிவந்தார்களாம். "சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டி ஒரு பெரிய பார்க், உள்ளே குளம், அங்கேயே சிங்கம் புலியெல்லாம். பக்கத்திலேயே மூர் மார்க்கெட். அந்த இடத்தை ஒரு தடவை காட்டும்மா" என்று போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள். சென்ட்ரல் என்றால் இறங்கி ஆட்டோ பிடிக்கிற இடம், அவ்வளவுதான் தெரியும். அந்தப் பூங்காவில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா? அப்பாவால் அதிகம் நடக்க முடியாது. அரை நாளில் முடிகிற மாதிரி யாராவது வழி சொன்னால் பெரிய உதவி.

ராயபுரத்தான்:

தங்கச்சி, அது எப்பவோ போச்சு. மிருகக்காட்சி சாலையை வண்டலூருக்கு மாற்றிவிட்டார்கள், 1985-இல் அங்கே திறந்தார்கள். மூர் மார்க்கெட்டும் அதே வருஷம் எரிந்துபோனது. பழைய இடத்தில் ரயில்வே கட்டடமும் ஸ்டேடியமும்தான் நிற்கின்றன. அப்பாவை நேராக வண்டலூருக்குக் கூட்டிப் போங்கள். பேட்டரி கார் இருக்கிறது, உட்கார்ந்தபடியே சுற்றிப் பார்க்கலாம்.

சூளைக்காரி:

அண்ணன் வண்டலூர் சொன்னது சரிதான். ஆனால் இந்த அப்பா கேட்பது சிங்கத்தை இல்லை, அந்த இடத்தை. எதுவுமே இல்லை என்று விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் சூளையில் பிறந்து வளர்ந்தவள். ராத்திரி மொட்டை மாடியில் பாய் போட்டுப் படுத்தால், வண்டிச் சத்தமெல்லாம் ஓய்ந்த பிறகு சிங்கம் உறுமுவது கேட்கும். தம்பி பயந்து பாட்டியிடம் ஒட்டிக்கொள்வான். "உயிர் காலேஜ் சிங்கம்டா, பசிக்குது அதுக்கு" என்பாள் பாட்டி. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் ஜூ என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. ஜூ உயிர் காலேஜ், எழும்பூர் மியூசியம் செத்த காலேஜ். உங்கள் அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள், அவருக்கும் ஞாபகம் வரலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கேட், ஒரு டிக்கெட், உள்ளே போனால் பூங்கா என்று தேடினால் ஏமாந்துபோவீர்கள். பீப்பிள்ஸ் பார்க் மொத்தம் 116 ஏக்கர். இன்றைக்கு புறநகர் ரயில் நிலையம், விக்டோரியா ஹால், ரிப்பன் மாளிகை, அல்லிக்குளம் வளாகம், நேரு ஸ்டேடியம், மை லேடி பூங்கா என்று தனித்தனியாக நாம் சொல்கிற எல்லாமே அந்த நிலத்தில்தான் நிற்கின்றன. பார்க் ஸ்டேஷன், பார்க் டவுன் என்று தினமும் சொல்கிறோமே, அந்தப் பார்க் இதுதான்.

இதைக் கொண்டுவந்தவர் 1859-இல் கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன். அப்போது பிளாக் டவுன் என்று பெயர் வைத்திருந்த இன்றைய ஜார்ஜ் டவுனில் வீட்டோடு வீடு ஒட்டிக் கிடந்தது. ஜனங்கள் காற்று வாங்க ஒரு திறந்த இடம் வேண்டும் என்பதுதான் யோசனை. வருமான வரி போடும் திட்டத்தைப் பகிரங்கமாக எதிர்த்தார் என்று மறு வருஷமே அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அவர் போன பிறகும் பூங்கா வேலை நிற்கவில்லை. மிருகங்கள் முதலில் இருந்தது மியூசியத்தில். அதைக் கவனித்துவந்த டாக்டர் எட்வர்ட் பால்ஃபர் 1855-இல் அங்கேயே உயிருள்ள மிருகங்களை வைத்துக் காட்ட ஆரம்பித்தார். 1860-களின் தொடக்கத்தில் அவை இந்தப் பூங்காவுக்கு வந்துவிட்டன.

சரி, உங்கள் பயணத்துக்கு வருகிறேன். பெரம்பூரிலிருந்து மின்சார ரயிலில் ஏறுங்கள். அது வந்து நிற்கிற புறநகர் நிலையத்துக்கு ரயில்வேக்காரர்கள் வைத்த பெயரே மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்தான். இறங்கினதும் அப்பாவிடம் சொல்லிவிடலாம், மூர் மார்க்கெட் இருந்த இடம் இதுதான் என்று. வெளியே சின்னதாக அந்த மார்க்கெட்டின் மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்கள். பலர் அதைத் தாண்டித்தான் தினமும் ஓடுகிறார்கள், நின்று பார்க்கிறவர்கள் குறைவு. நீங்கள் நில்லுங்கள். 1898-இல் அடிக்கல் நாட்டி 1900-இல் திறந்த சிவப்புக் கட்டடம் அது. 1985 மே மாதம் எரிந்தது.

அந்த மார்க்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஜூன் மாதம் வந்தால் அப்பா எங்களை அங்கே கூட்டிப் போவார், பழைய பாடப் புத்தகம் வாங்க. முதல் பக்கத்தில் யாரோ ஒரு பையனின் பெயர், வகுப்பு, பிரிவு எல்லாம் மையில் எழுதியிருக்கும். அதன் மேல் மூலையில் கடைக்காரர் பென்சிலில் போட்ட விலை. அப்பா அந்த விலையைப் பார்க்கவே மாட்டார். பக்கங்களை விரலால் சர்ரென்று ஓட்டி, நடுவில் கிழிந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். பின்னால் எங்கோ கூண்டில் கிளிகள் கத்திக்கொண்டே இருக்கும். பேரம் முடிந்தால் உயிர் காலேஜ், முடியாவிட்டால் நேராக வீடு. நாங்கள் கடைக்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்போம்.

அங்கிருந்து ரிப்பன் மாளிகைப் பக்கம் வாருங்கள், பக்கம்தான். நடுவில் சிவப்பாக நிற்பது விக்டோரியா ஹால். பழைய ஆட்கள் டவுன் ஹால் என்பார்கள். வரைந்தது சிஸோம், கட்டியது நம்பெருமாள் செட்டியார். சினிமா புதிதாக இந்த ஊருக்கு வந்தபோது படம் காட்டிய இடங்களில் இதுவும் ஒன்று. இந்த வளாகத்தில்தான் ட்ரெவெல்யன் பெயரில் ஒரு நீரூற்று இருக்கிறது. பூங்காவைக் கொடுத்தவருக்கு வைத்த நினைவுச் சின்னம், கட்டாயம் கேட்டுப் பாருங்கள். ரிப்பன் மாளிகை 1913-இல் திறந்தது. அதன் மணிக்கூண்டு கால் மணிக்கு ஒரு தரம் அடிக்கும். அப்பாவை எங்காவது நிழலில் உட்காரவைத்து அந்த மணியைக் கேட்கவிடுங்கள், அவர் சிறுவனாக வந்தபோது கேட்டதும் அதே மணிதான்.

அப்புறம் நடக்க வேண்டாம், ஆட்டோ பிடித்துவிடுங்கள். ராஜா முத்தையா சாலை வழியாகப் போகச் சொல்லுங்கள். அல்லிக்குளம் வளாகம் வரும். மூர் மார்க்கெட் எரிந்தபின் கடைக்காரர்களுக்கு இடம் கொடுத்தது இங்கேதான். பூங்காவின் அல்லிக்குளத்தைத் தூர்த்துக் கட்டிய கட்டடம். உங்கள் அப்பா சொல்கிற குளம் இதுவாகவே இருக்கலாம். பழைய புத்தகக் கடைகள் இன்னும் இருக்கின்றன, இறங்கிப் பார்க்கலாம்.

அடுத்தது நேரு ஸ்டேடியம். அப்பாவுக்குக் கிரிக்கெட் பிடிக்குமா? பிடிக்கும் என்றால் ஆட்டோவை ஒரு நிமிஷம் ஓரங்கட்டுங்கள். கார்ப்பரேஷன் ஸ்டேடியம் என்று இருந்த காலத்தில், 1956 ஜனவரியில், வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் நியூசிலாந்துக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது இங்கேதான். 2008 வரைக்கும் அந்தச் சாதனையை யாரும் தொடவில்லை.

கடைசியாக மை லேடி பூங்கா. இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். 116 ஏக்கரில் இன்னும் பூங்காவாகவே இருக்கிற துண்டு இது. ஒரு காலத்தில் மலர்க் கண்காட்சி நடந்த தோட்டம். பெரியமேட்டுத் தோல் கடைச் சந்துகளில் வேலை பார்க்கிற பையன்கள் பகலில் வந்து படுத்திருப்பார்கள், சாயங்காலம் பிள்ளைகள் ஓடும். பக்கத்தில் மாநகராட்சி நீச்சல் குளம். ஊட்டி தாவரவியல் பூங்கா மாதிரி எதிர்பார்த்துப் போகக் கூடாது. ஆனால் நூறு வருஷத்துக்கும் மேலாக இங்கே மண் மண்ணாகவே இருக்கிறது, அதற்காகவே எனக்கு இந்த இடம் பிடிக்கும். ரயில்வே ஒரு பக்கம், மாநகராட்சி ஒரு பக்கம், விளையாட்டு ஒரு பக்கம் என்று எல்லோரும் நல்ல காரணம் சொல்லித்தான் எடுத்தார்கள். மிச்சம் இருக்கிற இந்தத் துண்டையாவது யாரும் தொடக் கூடாது. நாலு பேர் போய் உட்கார்ந்தால்தான் இது உபயோகத்தில் இருக்கிற இடம் என்று அதிகாரிகளுக்குத் தெரியும்.

மூலக்கொத்தளம்:

அக்கா எழுதியது நன்றாக இருக்கிறது. ஒரு உறுத்தல் மட்டும். நம் ஆட்கள் குடியிருந்த இடத்துக்குக் கறுப்பர் நகரம் என்று பெயர் வைத்தவர்கள் கட்டியதை இவ்வளவு ஆசையாகச் சொல்ல வேண்டுமா? ட்ரெவெல்யன் இங்கே வருவதற்கு முன்னால் அயர்லாந்துப் பஞ்சத்தின்போது லண்டனில் நிதித் துறையில் இருந்தவர். நிவாரணத்தை இறுக்கிப் பிடித்தார் என்று ஐரிஷ்காரர்கள் இன்றைக்கும் அவரை மன்னிக்கவில்லை. இங்கேயும் 1886 டிசம்பர் 31 அன்று பூங்காவில் நடந்த கண்காட்சியில் தீப்பிடித்து நிறையப் பேர் செத்துப்போனார்கள். அதையும் சேர்த்துத்தானே சொல்ல வேண்டும்?

சூளைக்காரி:

சேர்த்துத்தான் சொல்ல வேண்டும் தம்பி, நீங்கள் சொன்னது நல்லது. அயர்லாந்தில் அவர் செய்ததை இங்கே ஒரு பூங்கா கொடுத்தார் என்பதற்காக யாரும் மறக்க வேண்டியதில்லை. அந்தத் தீயைப் பற்றி எங்கள் தெருப் பெரியவர்கள் கேள்விப்பட்டதாகச் சொல்வார்கள், ஏழைபாழைகள்தான் அதிகம் மாட்டினார்கள் என்று.

ஆனால் நான் ஆசையாகச் சொல்வது கவர்னரைப் பற்றி இல்லை. டவுன் ஹாலுக்குப் பணம் கொடுத்தவர்களில் விஜயநகரம் மகாராஜாவும் உண்டு. ரிப்பன் மாளிகையைக் கட்டியது லோகநாத முதலியார். செங்கல் சுமந்தவர்களும் சுண்ணாம்பு அரைத்தவர்களும் நம் பாட்டன்மார். நீதிக்கட்சிக்கு 1916-இல் அடித்தளம் போட்ட கூட்டம் அதே டவுன் ஹாலில் நடந்தது. வெள்ளைக்காரன் பெயரில் இருக்கிறது என்பதற்காக அதை அவனுக்கே எழுதிக்கொடுத்துவிட எனக்குச் சம்மதமில்லை. வாரத்துக்கு ஒருநாள் லீவு கிடைக்கிற கூலிக்காரர் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து சிங்கம் பார்த்த இடம் அது. எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டில் கைவண்டி இழுத்தவர் ஒருவர் இருந்தார், அவருடைய பிள்ளைகளும் நாங்களும் ஒன்றாகத்தான் யானைக்கு முன்னால் நின்றோம். அந்த உரிமைதான் எனக்கு முக்கியம்.

பெரம்பூர் மருமகள்:

அக்கா, படிக்கப் படிக்க அப்பாவுக்கே போன் போட்டு வாசித்துக் காட்டிவிட்டேன். உயிர் காலேஜ் என்றதும் சத்தமாகச் சிரித்தார். "ஆமாம், எங்க வாத்தியாரைப் பார்த்து ரிக்‌ஷாக்காரர் அப்படித்தான் கேட்டார், உயிர் காலேஜா செத்த காலேஜான்னு" என்கிறார். கிரிக்கெட் அவருக்கு உயிர், அதனால் ஸ்டேடியம் கட்டாயம் உண்டு.

இரண்டு சந்தேகம். எந்த நேரத்தில் கிளம்பினால் நல்லது? மியூசியத்தையும் அதே நாளில் சேர்க்கலாமா?

சூளைக்காரி:

சாயங்காலமே போங்கள்மா. மதிய வெயிலில் போய் அலைய வேண்டாம். மூன்றரை வாக்கில் பெரம்பூரில் ஏறினால் ரிப்பன் மாளிகையில் நான்கு மணி அடிப்பதைக் கேட்டுவிடலாம், வெளிச்சம் இருக்கும்போதே மை லேடி பூங்காவுக்கும் போய்ச் சேரலாம். அலுவலகம் விடுவதற்குள் திரும்பினால் ரயிலில் அப்பாவுக்கு உட்கார இடம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை என்றால் கூட்டம் பற்றிக் கவலை இல்லை, ஆனால் அல்லிக்குளத்தில் எத்தனை கடை திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

மியூசியத்தை அதே நாளில் சேர்க்காதீர்கள். உள்ளே கட்டடம் கட்டடமாக நடக்க வேண்டும், வெண்கலச் சிலைகளைப் பார்க்கவே ஒரு காலை போதாது. மூட்டு வலிக்காரரை ஒரே நாளில் படுத்த வேண்டாம்.

ராயபுரத்தான்:

நான் இந்த வழியில்தான் வேலைக்குப் போய்வருகிறேன், அந்த நீரூற்றை நின்று பார்த்ததில்லை. நாளைக்கே பார்க்கிறேன். தங்கச்சி, மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை போய்விடாதீர்கள், அன்றைக்கு விடுமுறை. புறநகர் நிலையத்தில் இறங்கினதும் கூட்டம் சுரங்கப்பாதைப் பக்கம் இழுக்கும், அதில் படிக்கட்டு அதிகம். நீங்கள் சாலையைக் கடக்கவே வேண்டாம், டவுன் ஹாலும் ரிப்பன் மாளிகையும் நிலையம் இருக்கிற பக்கத்திலேயே இருக்கின்றன.